உங்களுக்குத் தெரியுமா? – கண்சிமிட்டும் எல்.இ.டி விளக்குகள்

எல்.இ.டி பல்பு கண்சிமிட்டினால் நம் கை முதலில் பல்பைத்தான் கழற்றப் போகிறது. புது பல்பு வாங்கி மாட்டுகிறோம். சில வீடுகளில் அதுவும் இரண்டே நாளில் சிமிட்டத் தொடங்கிவிடும். கோளாறு பல்பிலேயே இருக்கலாம். ஹோல்டரிலோ, சுவிட்சிலோ, மெயின் போர்டிலோ, தெருக் கம்பத்திலோகூட இருக்கலாம். எத்தனை விளக்கு சிமிட்டுகிறது, எப்போது சிமிட்டுகிறது, எந்த வேகத்தில் சிமிட்டுகிறது என்று கவனித்தாலே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். சில சிமிட்டல்களை அலட்சியமாக விட்டால் வீடே தீப்பிடிக்கலாம். அதனால்தான் இந்த வாரம் முழுக்க இதைப் பற்றியே!

முதலில் எண்ணிப் பாருங்கள்

● ஒரே ஒரு பல்பு சிமிட்டினால் பல்பையோ ஹோல்டரையோ சந்தேகப்படுங்கள். ஓர் அறை முழுக்கச் சிமிட்டினால் அந்த அறையின் சுவிட்ச் போர்டு அல்லது அதற்குப் போகும் ஒயரின் இணைப்பு. வீடு முழுக்கச் சிமிட்டினால் மெயின் போர்டு, மீட்டர், சர்வீஸ் ஒயர். பக்கத்து வீட்டிலும் சிமிட்டினால் ஈ.பி. லைன். எலக்ட்ரீஷியனும் இந்த வரிசையில்தான் தேடுவார்.

● காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சிமிட்டும் பல்பைக் கழற்றி வேறு அறையில் மாட்டுங்கள். அந்த அறையின் நல்ல பல்பை இங்கே மாட்டுங்கள். சிமிட்டல் பல்போடு போனால் பல்பு பழுது. பல்பு போன இடத்தில் நன்றாக எரிந்து, இங்கே வந்த நல்ல பல்பு சிமிட்டினால், பழுது சுவருக்குள்ளோ ஹோல்டருக்குள்ளோ இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பு ஆறிய பிறகு கழற்ற வேண்டும்.

● நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் சிமிட்டுகிறதா, சூடான பிறகா, ஃபிரிட்ஜ் ஓடும்போதா, மழைக்குப் பிறகா, காற்றடிக்கும்போதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

ஹோல்டரும் சுவிட்சும்

● நம் ஊர் பல்புகளில் பெரும்பாலானவை பி22 என்ற வகை. உள்ளே தள்ளித் திருகி மாட்டுவோமே, அதுதான். ஹோல்டருக்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு பித்தளைக் குச்சிகள் இருக்கும். பல்பின் அடியில் உள்ள இரண்டு ஈயப் பொட்டுகளை அவை அழுத்திப் பிடித்தால்தான் கரண்ட் ஒழுங்காகப் பாயும். பழைய குண்டு பல்பின் சூட்டில் பல வருடம் வெந்த ஹோல்டரில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பல்பைக் கழற்றி அந்த ஈயப் பொட்டைப் பாருங்கள். கறுத்து, குழிவிழுந்து, ஓரத்தில் உருகியது போல இருந்தால் ஹோல்டரில் பொறி பறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பல்பை மாற்றிப் பயனில்லை. ஹோல்டரைத்தான் மாற்ற வேண்டும்.

● கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் இந்தப் பித்தளைக் குச்சிகளில் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறும். வாசல் விளக்கு, மொட்டைமாடி விளக்கு அடிக்கடி சிமிட்ட இது ஒரு காரணம்.

● எறும்புகளுக்கு சுவிட்ச் போர்டு பிடித்தமான இடம். சுவிட்சின் தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிச் செத்த எறும்புகள் சேர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். சுவிட்சைத் தட்டினால் எரிகிறது, விட்டால் சிமிட்டுகிறது என்றால் இதுவாகவும் இருக்கலாம். சுவிட்ச் தேய்ந்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் சுவிட்சை மாற்றிவிடுவதே நல்லது.

● மிக முக்கியமானது இது: தளர்ந்த இணைப்பில் பறக்கும் பொறியை மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் கண்டுகொள்ளாது. எம்.சி.பி. விழ வேண்டுமானால் கரண்ட் அளவுக்கு மேல் பாய வேண்டும். தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதில்லை. அந்த ஒரு புள்ளியில் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஷாக்கிலிருந்து காக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கவனிப்பதோ கசியும் கரண்டை மட்டும். இரண்டும் விழாமல் இருக்கும்போதே ஒயரின் பிளாஸ்டிக் உருகி, பக்கத்தில் உள்ள மரமோ திரையோ பற்றிக்கொள்ள முடியும். இந்தக் கட்டத்தில் நமக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை பல நேரம் விளக்கின் சிமிட்டல்தான்.

● சிமிட்டலோடு கீழே உள்ளவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்: போர்டிலிருந்து ‘கிர்’ என்ற சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை, தொட்டால் சுடும் சுவிட்ச் பலகை, பழுப்பேறிய பிளக் ஓட்டை.

அணைத்த பிறகும் சிமிட்டுகிறதா?

● சுவிட்சை அணைத்த பிறகும் நள்ளிரவில் பல்பு ‘மினுக் மினுக்’ என்று சிமிட்டுவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. எங்கிருந்தோ மிகச் சிறிய கரண்ட் பல்புக்குள் கசிகிறது. பல்பின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் பல்பு ஒரு நொடி மின்னி அதைச் செலவழிக்கிறது. மறுபடி சேமிப்பு, மறுபடி மின்னல்.

● கசிவுக்கு முதல் காரணம், இண்டிகேட்டர் வைத்த சுவிட்ச். அணைத்திருக்கும்போது சிவப்பாக ஒரு பொட்டு ஒளிர்கிறதே, அந்தப் பொட்டு எரியத் தேவையான கரண்ட் பல்பின் வழியாகத்தான் போகிறது. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் சிமிட்டல் நின்றுவிடும்.

● இரண்டாவது காரணம் கவனிக்க வேண்டியது. ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் உயிரோடு இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரில் கைவைப்பவருக்கு ஷாக் அடிக்கும். சுவிட்ச் அணைந்த நிலையில் ஹோல்டரின் குச்சியில் டெஸ்டர் வைத்து, அது பளிச்சென்று எரிந்தால் இந்தத் தவறு இருக்க வாய்ப்புண்டு. உடனே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

● மூன்றாவது, மாடிப்படி விளக்கு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று இருவழியாகப் போட்ட ஒயர்கள் ஒரே குழாய்க்குள் நீண்ட தூரம் ஒட்டியபடி ஓடும். கரண்ட் உள்ள ஒயர் பக்கத்து ஒயரில் தொடாமலேயே கொஞ்சம் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். எல்.இ.டி சிமிட்ட அதுவே போதும்.

● இதற்கு எலக்ட்ரீஷியன்கள் செய்யும் வைத்தியம், பல்புக்குக் குறுக்கே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, ஒரு சின்ன கெப்பாசிட்டரைப் போடுவது. கசியும் கரண்ட் பல்புக்குள் போகாமல் அதன் வழியே போய்விடும். 0.1 மைக்ரோஃபாரட் அளவு, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட ‘எக்ஸ்2’ வகைதான் போட வேண்டும். வேறு வகை கெப்பாசிட்டரை மெயின் மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் வெடிக்கலாம்.

● அதே வீட்டில், அதே ஒயரில் குண்டு பல்பு முப்பது வருடம் எரிந்தபோது ஏன் சிமிட்டவில்லை? 60 வாட் குண்டு பல்புக்கு கால் ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். ஒரு மில்லி ஆம்பியர் கசிந்தால் அதன் கம்பி சூடாகக்கூட ஆகாது. எல்.இ.டிக்கு அந்த அளவே போதும். ஒயரிங்கில் முன்பே இருந்த குறையைத்தான் எல்.இ.டி இப்போது காட்டிக்கொடுக்கிறது.

● அணைத்ததும் ஓரிரு நொடி மங்கலாக எரிந்து அடங்குகிறதா? கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த மின்சாரம் தீர்கிறது, அவ்வளவுதான். இது கோளாறில்லை. சுவிட்ச் போட்டு அரை நொடி கழித்து எரிவதும் அப்படியே.

பல்பின் உள்ளே

● எல்.இ.டி நேர் மின்சாரத்தில் எரிவது. நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் மாறு மின்சாரம். இதை அதற்கேற்றபடி மாற்றித் தரும் சின்னச் சுற்றுப்பலகைக்கு டிரைவர் என்று பெயர். பெரும்பாலான பல்புகளில் விளக்குச் சில்லுகளுக்கு முன்பே பழுதாவது இந்த டிரைவர்தான்.

● டிரைவரில் முதலில் தளர்வது, உருளை வடிவ எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். அதன் உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல உலரும். பத்து டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. தலை உப்பிய கெப்பாசிட்டர் கொண்ட பல்பு முதலில் லேசாகத் துடிக்கும். பிறகு பட்டவர்த்தனமாகச் சிமிட்டும்.

● அதனால் காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் சாதாரண எல்.இ.டி பல்பைப் போடாதீர்கள். அதே கம்பெனி, அதே வாட் பல்பு திறந்த ஹோல்டரில் பல வருடம் உழைக்கும். கூண்டுக்குள் சீக்கிரம் சிமிட்ட ஆரம்பிக்கும். நம் சித்திரை வெயிலில், ஓட்டுக்கு நேர்கீழே மாட்டிய பல்புக்கும் இதே கதிதான்.

● மலிவு பல்புகள் பலவற்றில் டிரைவர் தனியாக இருப்பதில்லை. விளக்குச் சில்லுகள் பதித்த அதே அலுமினியத் தகட்டிலேயே ஒரு சின்ன ஐ.சி.யையும் ஒட்டிவிடுவார்கள். ‘டிரைவர் ஆன் போர்டு’ என்பார்கள். இவற்றில் சிலவற்றில் பெரிய கெப்பாசிட்டரே கிடையாது. அப்படிப்பட்ட பல்பு புதிதாக இருக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடித்துக்கொண்டுதான் இருக்கும்.

● பழுதான பல்பின் வெள்ளை மூடியைத் திறந்தால் வட்டத் தகட்டில் மஞ்சள் நிறச் சின்னச் சதுரங்கள் தெரியும். அவைதான் விளக்குச் சில்லுகள். ஒன்றின் நடுவில் மட்டும் ஊசிமுனை அளவு கரும்புள்ளி இருந்தால், அந்தச் சில்லு செத்துவிட்டது. எல்லாச் சில்லுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். அந்தச் சில்லில் விரிசல் மட்டும் விழுந்திருந்தால் வேடிக்கை நடக்கும்: சூடானதும் விரிசல் விலகி பல்பு அணையும், ஆறியதும் ஒட்டிக்கொண்டு எரியும். சீரான இடைவெளியில் அணைந்து அணைந்து எரியும் பல்புகளில் பல இந்த ரகம்.

● செத்த சில்லை மட்டும் ஈயம் வைத்து ‘ஷார்ட்’ செய்து பல்பை எரிய வைப்பது கடைகளில் நடக்கும் வைத்தியம். எரியும், ஆனால் ஒரு சில்லின் சுமையும் மற்ற உறுப்புகளின் மேல் ஏறும். தற்காலிகத் தீர்வு என்று தெரிந்தே செய்துகொள்ளுங்கள்.

● பல்பைத் திறந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் அந்த உச்சம் வரை மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகும் சிறிது நேரம் ஷாக் அடிக்கலாம்.

டியூப், ஸ்ட்ரிப், சீரியல் செட்

● பழைய டியூப்லைட் பட்டியிலேயே எல்.இ.டி டியூபை மாட்டினீர்களா? உள்ளே பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் அப்படியே இருந்தால் சில வகை டியூப்கள் சிமிட்டும், சீக்கிரம் பழுதாகும். டியூபோடு வரும் தாளில் இணைப்புப் படம் இருக்கும். சில டியூபுக்கு சோக்கை விலக்கி நேரடி இணைப்பு வேண்டும். சிலவற்றுக்கு ஸ்டார்ட்டருக்குப் பதிலாக அவர்களே ஒரு துண்டைத் தந்திருப்பார்கள். அந்தப் படத்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

● ஃபால்ஸ் சீலிங்கில் ஒளிந்திருக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட் சீராக ‘டப் டப்’ என்று அணைந்து எரிந்தால் அடாப்டருக்குச் சுமை கூடிவிட்டது. மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் ஸ்ட்ரிப் 5 மீட்டர் போட்டால் 72 வாட், அதாவது 6 ஆம்பியர். அதற்கு 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் அது தன்னைக் காத்துக்கொள்ள அணையும், மறுபடி முயலும், மறுபடி அணையும். கணக்குக்கு மேல் கால் பங்கு கூடுதலாக, இந்த நீளத்துக்கு 7.5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் நிம்மதி.

● திருவிழா சீரியல் செட்டைப் பார்த்தபடி தலையை வேகமாகத் திருப்பினால் ஒளி கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? மலிவு செட்டுகள் பலவற்றில் மின் அலையின் ஒரு பாதி மட்டுமே பயன்படுகிறது. நொடிக்கு 50 முறை அவை முழுதாக அணைந்து எரிகின்றன.

● பொழுது சாய்ந்ததும் தானாக எரியும் சென்சார் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? பெரும்பாலும் சென்சார் வைத்த இடம்தான் தவறு. இருட்டியதும் விளக்கு எரியும், அதன் ஒளி சென்சார் மேலேயே விழும், விடிந்துவிட்டது என்று சென்சார் விளக்கை அணைக்கும், மறுபடி இருட்டு. சென்சாரை விளக்கின் ஒளி படாத பக்கம் திருப்பி வைத்தால் தீர்ந்தது.

● குண்டு பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைத்த பழைய டிம்மரில் சாதாரண எல்.இ.டியை மாட்டக்கூடாது. அந்த டிம்மர் ஒழுங்காக வேலை செய்ய ஒரு குறைந்தபட்சச் சுமை வேண்டும். 9 வாட் எல்.இ.டி அதற்குப் போதாது. பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று அச்சிட்ட பல்பும், எல்.இ.டிக்கென்றே வரும் டிம்மரும் சேர்ந்தால்தான் சிமிட்டாமல் மங்கும்.

வீடு முழுக்கச் சிமிட்டினால்

● மோட்டார் கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், கிரைண்டர் எல்லாமே அப்படித்தான். அந்த ஒரு கணம் விளக்கு மங்குவது இயல்பு. ஓடி முடிக்கும் வரை மங்கியே இருந்தால் ஒயர் மெலிது, அல்லது வழியில் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

● மோட்டார் கிளம்பும்போது ஒரு பல்பு மங்குகிறது, பக்கத்து பல்பு அசையாமல் எரிகிறது என்றால் இரண்டின் டிரைவரும் வேறு. கரண்டைச் சீராக வைத்திருக்கும் நல்ல டிரைவர் உள்ள பல்பு, மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சத்தை மாற்றாது. மறுமுறை எந்தப் பல்பை வாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

● ஓர் அறையில் விளக்கு மங்குகிறது, அதே நேரம் இன்னோர் அறையில் வழக்கத்துக்கு மேல் பளீரென்று எரிகிறது. மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இதைக் கண்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மெயினை இறக்குங்கள். நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. 230 வோல்ட் தாங்கும் கருவிக்கு 400 வோல்ட்டை நெருங்கிக்கூட மின்சாரம் வரலாம். டி.வி., ஃபிரிட்ஜ், செட்டாப் பெட்டி எல்லாம் ஒரே நொடியில் கருகுவது இப்படித்தான்.

● நியூட்ரல் கோளாறு பல வீடுகளில் மெயின் போர்டிலேயே இருக்கும். எல்லா அறைகளின் நியூட்ரல் ஒயர்களும் சேரும் பித்தளைப் பட்டையில் ஒரே ஒரு திருகு தளர்ந்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை மெயினை இறக்கி, எலக்ட்ரீஷியனை வைத்து அந்தத் திருகுகளை எல்லாம் முடுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

● ஆடிக் காற்றில் மட்டும் சிமிட்டினால் வெளியே பாருங்கள். தென்னை மட்டையோ மரக்கிளையோ லைனில் உரசலாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரின் முடிச்சு தளர்ந்திருக்கலாம். கம்பத்தில் நாமோ நமக்குத் தெரிந்த ஆளோ கைவைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மின் வாரியப் புகாருக்கு ‘மின்னகம்’ எண் 94987 94987. 2021 ஜூன் முதல் இயங்கிவரும் சேவை அது.

● கரண்ட் இருக்கும்போது நன்றாக எரிந்து, இன்வெர்ட்டரில் மட்டும் துடிக்கிறதா? சில இன்வெர்ட்டர்கள் தரும் மின் அலை சதுர வடிவம். மலிவு டிரைவர்கள் சிலவற்றுக்கு அது ஒத்துவருவதில்லை. புதிதாக வாங்குவதானால் ‘சைன் வேவ்’ வகையாகப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு

● நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை மின்னழுத்தம் சுழியைத் தொடும். அதனால் சரியான டிரைவர் இல்லாத பல்பு நொடிக்கு 100 முறை மங்கி எரியும். பெரும்பாலோர் கண்ணுக்கு அது தொடர்ந்த வெளிச்சமாகவே தெரியும். ஈயின் கண் நொடிக்கு சுமார் 250 துடிப்பு வரை பிரித்தறியும். அந்த பல்பு அதற்கு விட்டுவிட்டுத்தான் எரியும்.

● கண்டுபிடிக்க ஒரு பேனா போதும். இரவில் அந்த ஒரு விளக்கு மட்டும் எரியட்டும். பேனாவை விரல்களில் பிடித்து வேகமாக விசிறி போல ஆட்டுங்கள். மங்கலான ஒரே பரப்பாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பேனாக்கள் வரிசையாக நிற்பது போலத் தெரிந்தால் அந்த விளக்கு துடிக்கிறது.

● செல்போன் கேமராவை ‘ஸ்லோ மோஷன்’ நிலையில் வைத்து விளக்கைப் படமெடுத்தால் துடிப்பு அப்பட்டமாகத் தெரியும். கடையிலேயே பல்பை எரியவிட்டுச் சோதித்து வாங்கலாம்.

● நேராகப் பார்க்கும்போது தெரியாத சிமிட்டல் கடைக்கண்ணில் தெரியும். விழித்திரையின் ஓரப் பகுதிதான் துடிப்பை விரைவாக உணரும்.

● 1989இல் இங்கிலாந்தில் ஆர்னல்ட் வில்கின்ஸும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் ஓர் அலுவலகத்தின் டியூப்லைட்டுகளை வைத்து ஆராய்ந்தார்கள். நொடிக்கு 100 முறை துடிக்கும் வகைக்குப் பதிலாக, மிக வேகமாக இயங்கும் மின்னணு சோக் போட்டபோது, ஊழியர்களின் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே குறைந்தன. எது மாறியது என்று ஊழியர்களின் கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் படிக்கும் மேசைக்குத் துடிப்பில்லாத விளக்கைத் தேடிப் போடுங்கள் என்று சொல்ல இந்த ஓர் ஆய்வே போதும்.

● எல்.இ.டி துடிப்புக்கென்றே 2015இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் ஐ.இ.இ.இ. அமைப்பு 1789 என்ற எண்ணில் ஒரு பரிந்துரையை வெளியிட்டது. நொடிக்கு 100 துடிப்பு என்றால் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்கிறது அது.

● லேத் பட்டறையில் துடிக்கும் விளக்கு உயிருக்கே ஆபத்து. நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் இயந்திரம், நொடிக்கு 100 முறை துடிக்கும் விளக்கின் கீழ் அசையாமல் நிற்பது போலத் தோன்றலாம். நின்றுவிட்டது என்று கைவைத்தால் என்ன ஆகும்! அதனால்தான் பழைய தொழிற்சாலைகளில் அடுத்தடுத்த டியூப்லைட்டுகளை வெவ்வேறு ஃபேஸில் இணைத்தார்கள். ஒன்று மங்கும்போது மற்றொன்று எரியும்.

● நம் மின்சாரம் ஏன் 50 சுழற்சி? அதிலும் சிமிட்டலுக்குப் பங்குண்டு. 1891இல் ஜெர்மனியில் லாஃபன் ஊரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 40 சுழற்சியில் மின்சாரம் கொண்டுபோனார்கள். விளக்குகளின் துடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஏ.இ.ஜி. நிறுவனம் 50க்கு ஏற்றியது. அந்த எண்தான் உலகின் பெரும்பகுதிக்குப் பரவியது.

● குண்டு பல்பின் கம்பி, மின்சாரம் சுழியைத் தொடும் கணத்தில் ஆறுவதற்கு நேரமில்லாமல் எரிந்துகொண்டே இருக்கும். எல்.இ.டிக்கு அந்தத் தயக்கமே கிடையாது. மின்சாரம் நின்ற கணத்தில் ஒளியும் நின்றுவிடும். இந்த வேகமே சில இடங்களில் வரம். டி.வி. ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்.இ.டி நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை துடித்துத்தான் கட்டளையை அனுப்புகிறது.

வாங்கும்போது

● இந்தியாவில் எல்.இ.டி பல்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வேண்டும். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பல்பிலோ பெட்டியிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நட்சத்திரக் குறியும் பாருங்கள். ஆனால் அந்த நட்சத்திரம் மின்சாரச் சிக்கனத்துக்கு மட்டுமே, துடிப்பில்லாமைக்கு அல்ல.

● 2015 ஜனவரி 5இல் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி பல்புகள் நாடெங்கும் மலிவு விலையில் போய்ச்சேர்ந்தன. மொத்தக் கொள்முதலால், 2014இல் 310 ரூபாயாக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது.

● பெட்டியையும் பில்லையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று உத்தரவாதம் அச்சிட்டிருக்கும். பல்பின் கழுத்தில் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதிவைத்தால் இன்னும் நல்லது. சிமிட்டும் பல்பும் பழுதான பல்புதான். அணையும் வரை காத்திராமல் கடையில் கொடுத்து மாற்றலாம்.

● எலக்ட்ரீஷியன் வரும்போது ‘லைட் ஒழுங்கா எரியல அண்ணா’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தெந்த விளக்கு, எந்த நேரம், கூடவே எது ஓடிக்கொண்டிருந்தது, சத்தமோ வாடையோ வந்ததா, பல்பை மாற்றிப் போட்டபோது என்ன ஆயிற்று என்று ஐந்து விஷயத்தையும் சொல்லுங்கள். அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும். புது பல்புக்குக் கொடுத்திருக்கக்கூடிய காசு, மாற்ற வேண்டிய ஹோல்டருக்கோ முடுக்க வேண்டிய திருகுக்கோ போய்ச்சேரும்.